உச்சிப் பூஜை மணி வரை

ஆனி 1, ஞாயிறு

செல்லாண்டியம்மா, நீ பார்த்துக்கொண்டிரு, நான் எழுதுகிறேன்.

இன்றிலிருந்து ஒரு மண்டலத்துக்கு, காலையில் கண் விழித்ததிலிருந்து கோயிலில் உச்சிப் பூஜை மணி அடிக்கிற வரைக்கும் வாய் திறப்பதில்லை என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். கட்டிவிடும்போதே பூசாரி சிரித்துவிட்டார். "அம்மிணி, தீச்சட்டி எடுக்கறேன்னு சொல்லுங்க, நம்பறேன். உருண்டு குடுக்கறேன்னு சொல்லுங்க, அதையும் நம்பறேன். இது உங்களால ஆகுங்களா?" என்றார். ஆகும் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கயிறு கட்டியாகிவிட்டது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

எல்லாம் வீணாவுக்காகத்தான். பிரவீணா என் தம்பி மகள். தம்பி லோகநாதனும் அவன் பெண்டாட்டியும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளை இங்கே ஊத்துக்காட்டுவலசில் என்னோடுதான் இருக்கிறாள். என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்கிறது என்றால் அவளால்தான். அவளால் என்று சொல்வதை விட, அவளிடம் நான் பேசுவதால் என்று சொல்லலாம்.

மாட்டு டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டாள். கட் ஆஃப் கொஞ்சத்தில் போய்விட்டது. அழுவாள் என்று நினைத்துக் காப்பி போட்டு வைத்திருந்தேன். அவள் நேராகக் கொட்டாய்க்குப் போய் மயிலை மாட்டுக்கு உண்ணி பிடுங்க உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். காப்பி ஆறிப்போனது.

பேச முடியாத நேரத்தில் சொல்ல வேண்டியதெல்லாம் சேர்ந்துபோகிறது. அதனால் உரக்கடையில் கொடுத்த போன வருஷத்து டைரியை எடுத்தேன். அதில் போட்டிருக்கிற தேதிக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை. காலண்டரைப் பார்த்துத் தமிழ்த் தேதி போடுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தது இதற்காவது ஆகட்டும்.

ஆனி 3, செவ்வாய்

மணி அடித்ததும் முதல் வேலையாக வீணாவைப் பிடித்து உட்காரவைத்து, இனி என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டேன். டாக்டருக்கு உதவியாக இருக்கிற படிப்பு ஒன்று இருக்கிறதாம், டிப்ளமோ.

"டாக்டருக்குப் பக்கத்துல நின்னு ஊசி போடறது, கட்டுக் கட்டறது, ரத்தம், சாணி எல்லாம் சோதிச்சுப் பாக்கறது. ஆபரேஷன் பண்ணின மாட்டை நாமதான் பாத்துக்கோணும், அத்தை" என்றாள்.

"ஆஸ்பத்திரி நர்ஸு மாதிரியா?"

"ஆமா. ஆனா நோயாளி உதைக்கும்."

இரண்டு காலேஜ் பார்த்து வைத்திருக்கிறாள். ஒன்று ஓசூருக்கும் அந்தப்பக்கம், ஒரு டிரஸ்ட்காரர்கள் மாட்டு ஆஸ்பத்திரியோடு சேர்த்து நடத்துவது. ஹாஸ்டலில்தான் இருக்க வேண்டும். இன்னொன்று நம் பைபாஸ் மேலேயே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் பஸ் நம் ஊர் மேடை வரைக்கும் வருகிறது. காலையில் சோறு கட்டிக் கொடுத்தால் சாயங்காலம் காப்பிக்குப் பிள்ளை வீட்டில் இருப்பாள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தாலும் இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். நான் ஒருபக்கமாகப் பேசுகிறவள் இல்லை.

ஆனி 6, வெள்ளி

கன்று கயிற்றை உருவிக்கொண்டு போய்ப் பால் முழுக்கக் குடித்துவிட்டது. கத்த முடியாமல் கை தட்டினேன். பாராட்டுகிறேன் என்று நினைத்து வாலை ஆட்டியது.

ஆனி 11, புதன்

விடியற்காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி ஓசூர்ப்பக்கத்துக் காலேஜுக்குப் போய்விட்டு வந்தோம். தம்பி லீவு போட்டுவிட்டு வந்தான். உடம்பெல்லாம் வலி.

அம்மா, தாயே, அந்த வாசம்! கேட்டுக்குள் நுழையும்போதே சாணி, மூத்திரம், மருந்து எல்லாம் சேர்ந்து அடித்தது. எங்கே பார்த்தாலும் ஈ. ஒரு கொட்டாயில் கால் ஒடிந்த கன்று, ஒன்றில் வயிறு ஊதின எருமை, மூலையில் ஒரு கழுதை. கழுதைக்குக்கூட வைத்தியம்! நம் வீணா வயசுப் பெண்ணொருத்தி முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு எருமை வாயில் குழாயை விட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடியில் வைக்கோல். பெற்றவள் பார்த்தால் என்ன நினைப்பாள்?

வீணா அந்தப் பெண் பக்கத்தில் போய் நின்றவள்தான். தம்பி கூப்பிட்டால் திரும்பவில்லை. நான் கூப்பிடவும் முடியாதே, முதுகைச் சுரண்டினேன். "இரு அத்தை, இப்பக் காத்து வெளிய வருது பாரு" என்றாள். எருமை விட்டது பார் ஒரு ஏப்பம், என் புடவைத் தலைப்பே பறந்தது. பிள்ளை இரண்டு கையையும் தட்டிச் சிரித்தாள். பரீட்சை ரிசல்ட் வந்த பிறகு அந்தச் சிரிப்பை இப்போதுதான் பார்க்கிறேன்.

வார்டனம்மா நல்ல மாதிரிதான். ஆனால் முதல் மூன்று மாசம் வீட்டுக்கு விடமாட்டார்களாம். தம்பி, "பொங்கலுக்காச்சும் வருவாளுங்களா?" என்று கேட்டான். அந்தம்மா, "முறை போட்டுத்தாங்க விடுவோம். மாட்டுப் பொங்கலுக்கு யாராச்சும் மாட்டோட இருக்கோணுமில்லீங்களா?" என்று சிரித்தார்.

அந்த ஊரில் உச்சிப் பூஜை மணி கேட்கவே இல்லை. எப்போது பேசலாம் என்று தெரியாமல் சாயங்காலம் பஸ் ஏறுகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டே இருந்துவிட்டேன். மணிச்சத்தம் கேட்காத ஊரில் பிள்ளையை எப்படி விடுவது? இதைத்தான் பஸ்ஸில் தம்பியிடம் சொன்னேன். அவன் தூங்கிவிட்டான்.

ஆனி 16, திங்கள்

காலையில் கண்ணாடிக் காலேஜ். சொன்ன நேரத்துக்கு அவர்களே கார் அனுப்பினார்கள். உள்ளே ஏசி. தரையில் முகம் பார்க்கலாம். ஒரு ஈ இல்லை, ஒரு வாசம் இல்லை. சுவரில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்திருக்கிற பெரிய படம். ஆபீஸில் பெரிய பிள்ளையார், புதுப் பூ போட்டிருந்தது. பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

டை கட்டின தம்பி ஒருவர் வரவேற்றார். என்னிடம் ஏதோ கேட்டார். நான் கையைக் காட்டினேன். நம் லோகு, "அக்கா பேசமாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு வீணாவோடு கம்ப்யூட்டர் ரூம் பார்க்கப் போய்விட்டான். எனக்கு முட்டிவலி, மாடி ஏற முடியாது, சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். டைக்காரர் என்னைப் பாவமாகப் பார்த்து, டீயைக் கையில் கொடுத்து, குடியுங்கள் என்று சைகையில் காட்டினார். காது கேட்காதவள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நல்ல பிள்ளை.

டீயில் ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தார்கள்.

அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் யாரோ பார்வையிட வருகிறார்களாம். "மாடு நாலு, கன்னு ஒண்ணு, ஆடு ஒரு பத்து, ரெண்டு நாளைக்கு மட்டும் ஏத்தி உடுங்க அண்ணா. பின்னால ஷெட் போட்டுக்கறோம். போன தடவ அனுப்புன கெடா மட்டும் வேண்டாம், மேடத்தை முட்டிப் போட்டுது. அவங்க போனதும் திருப்பி ஏத்திக்கங்க" என்றார். பக்கத்து மேஜைப் பெண், "சார், அந்தம்மா உக்காந்திருக்காங்க" என்றாள். "அவங்களுக்குக் காதும் கேக்காதும்மா" என்றார்.

பெரிய இடத்தில் ஆயிரம் ஏற்பாடு இருக்கும். நமக்கென்ன தெரியும்?

திரும்பி வரும்போது தம்பி, "எப்படீங்க்கா இருக்குது?" என்று கேட்டான். மணி இன்னும் அடிக்கவில்லை. தலையை ஆட்டினேன்.

ஆனி 17, செவ்வாய்

விரதத்தை நாள் முழுக்க என்று ஆக்கிக்கொண்டேன். அரைநாள் மௌனம் அம்மனுக்குக் கொடுக்கிறது போலவும் இருக்கிறது, கொடுக்காதது போலவும் இருக்கிறது. செய்வதை முழுசாகச் செய்ய வேண்டும். மத்தியானம் மணி அடித்த பிறகும் நான் பேசாததைப் பார்த்து வீணா, "அத்தை, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சாமி விஷயம் என்று மேலே கையைக் காட்டினேன்.

ஆனி 20, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டால் எதிலும் சேர்க்க முடியாது. நல்ல காரியம் எதையும் ஆடியில் தொடங்குவதில்லை. கண்ணாடிக் காலேஜில் ஆனிக்குள்ளேயே சேர்த்துக்கொள்கிறார்கள். ஓசூர்ப்பக்கத்தில் ஆவணியில்தான் ஆரம்பமாம். அதனால் இந்த மாசத்துக்குள் முடிவு தெரிய வேண்டும். தம்பி போனில், "அக்கா, எனக்கு ஒண்ணும் புரியலீங். அம்மங்கிட்டப் பூக் கேட்டுடுங்க" என்றான்.

அம்மன் தோளில் பூவை வைத்து, மனசில் நினைத்ததைக் கேட்டுவிட்டு நிற்க வேண்டும். வலது பக்கம் விழுந்தால் சம்மதம். நான் கேட்டேன். பூசாரி விளக்கைக் காட்டி இறக்குவதற்குள் செவ்வரளி வலது பக்கம் பொத்தென்று விழுந்தது. பூசாரிக்கே ஆச்சரியம். "கேட்டு வாய் மூடலீங்க அம்மிணி, அதுக்குள்ள குடுத்துட்டா" என்றார். நான் வாய் திறந்து கேட்கவே இல்லை. மனசுக்குள்தான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கம், "அம்மன் உத்தரவு. பக்கத்திலேயே" என்று எழுதிக் கொடுத்தேன். வீணா அதை நின்றபடியே வாசித்தாள். நல்லதாப் போச்சு அத்தை, என்றாள். பிறகு, "உனக்கும் முட்டிவலி. நான் போயிட்டா மயிலைய யார் புடிச்சுக் கட்டுவா?" என்றாள்.

பெரிய மனசு பிள்ளைக்கு. அம்மனிடம் நான் கேட்டதும் அதுதான். பிள்ளை என் கண்ணெதிரிலேயே இருக்கட்டுமா தாயே என்று. காலேஜ் பேரெல்லாம் சொல்லிக் குழப்பவில்லை. அம்மனுக்குத் தெரியாதா?

ஆனி 21, சனி

பருப்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

ஆனி 25, புதன்

காலையில் பால் கறக்கப் போன வீணா கொட்டாயிலிருந்து கத்தினாள். "அத்தை, மயிலைக்கு மடி கல்லு மாதிரி இருக்குது!" ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு காம்பு சிவந்து வீங்கி, தொட்டால் உதைக்கிறது. பால் திரி திரியாக வருகிறது. பிள்ளை டாக்டருக்குப் போன் செய்தால் அவர் வேறு ஊரில் இருக்கிறார், மத்தியானத்துக்கு மேல்தான் வருவாராம்.

வீணா அந்தக் காம்பிலிருந்து பாலைப் பீச்சிப் பீச்சிக் கீழே விட்டாள். மாடு உதைத்தது. தொடையில் பட்டது, சரிந்ததில் புறங்கை மண்ணில் உரசியது. துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். எனக்கு வாய் பரபரவென்று வந்தது, அம்மா மயிலை, நில்லு சாமி, நம்ம புள்ளைதான் என்று அதன் காதில் சொன்னால் அது நிற்கும், எப்போதும் நான் சொன்னால் நிற்கும். சொல்லவில்லை. விரதம்.

டாக்டர் வந்து ஊசி போட்ட பிறகுதான் மாடு தலையைத் தூக்கியது. வீணா கிணற்றடியில் கைகழுவிக்கொண்டே சொன்னாள்: "காலைல இருந்து சும்மா பாத்துட்டு நிக்கறேன் அத்தை. என்ன மருந்துன்னு தெரியல, எவ்வளவுன்னு தெரியல. அடுத்த வருஷம் இந்நேரம் எனக்குத் தெரிஞ்சிருக்கும். கண்ணாடியோ ஓடோ, எந்தக் காலேஜா இருந்தா என்ன? மாட்டைத் தொட்டுக் கத்துக் குடுத்தாப் போதும்."

எனக்கு மிளகாய் காயப்போடுகிற வேலை இருந்தது. உள்ளே போய்விட்டேன்.

ஆனி 27, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை, வெயில் கண்ணைக் கூசியது. கர்ப்பக்கிரகத்துக்குள் ஏது வெயில் என்று பூசாரி கேட்டிருப்பார், நான் பேசாததால் கேட்கவில்லை.

ஆனி 29, ஞாயிறு

தம்பி வந்துவிட்டான். நாளைக்கு நல்ல நாள், நல்ல நேரம். வீணாவுக்கு வெள்ளைக் கோட்டு வாங்கி வந்திருக்கிறான். போட்டுக் காட்டினாள். சுவர்ப் படத்தில் இருக்கிற பெண்ணை விட நன்றாக இருந்தாள். சுற்றிப் போட்டேன்.

ஆனி 30, திங்கள்

வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

காலையில் மூன்று பேரும் போனோம். அதே சோபா, அதே டைக்காரர். என்னைப் பார்த்ததும் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து வணக்கம் என்றார். ஒரிஜினல் மார்க்ஷீட், டி.சி. எல்லாவற்றையும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார்களாம். படிப்பு முடிந்த பிறகுதான் கிடைக்கும். தம்பி மஞ்சள் பையிலிருந்து கவரை எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்து, "நீயே குடு சாமி. சாமியக் கும்பிட்டுட்டுக் குடு" என்றான்.

வீணா பிள்ளையாரைக் கும்பிட்டாள். அவள் புறங்கையில் மயிலை உதைத்தபோது மண்ணில் உரசின காயம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கையால் கவரை நீட்டினாள்.

"ஏனுங் சார், உங்க காலேஜுல சாணிய எங்கீங் கொட்றீங்க?"

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். டைக்காரர் நாற்காலியோடு பின்னால் போனார். "இவங்க... பேசுவாங்களா?"

"நல்லாவே பேசுவாங்க" என்றாள் வீணா. கவர் அவள் கையிலேயே நின்றுவிட்டது.

"அத்தன மாடு ஆடு இருக்குதுங்கறீங்க. ஒரு ஈயக் காணோம், ஒரு வாசத்தக் காணோம். அதான் கேட்டனுங்."

"அதெல்லாம்... இப்ப மேய்ச்சலுக்குப் போயிருக்குதும்மா."

"செரீங். சாணியுமா கூடப் போயிருச்சு?"

பக்கத்து மேஜைப் பெண் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. வீணா சிரிக்கவில்லை. கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "கொட்டாயி எந்தப் பக்கம் சார்? நான் ஒரெட்டுப் போயிப் பாத்துட்டு வந்தர்றேன்" என்றாள். இன்றைக்கு அந்தப்பக்கம் பூட்டியிருக்கிறது என்றார். சாவி? கொண்டுபோயிருக்கிறார்கள். யார்? தெரியாது. தம்பிக்கு மெதுவாகத்தான் விளங்கும், ஆனால் விளங்கிவிட்டது. "வாங்க்கா போலாம்" என்று எழுந்தான்.

வெளியே வந்து ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றோம். இந்தத் தடவை கார் அனுப்பவில்லை. "எப்படீங்க்கா கண்டுபுடிச்சீங்க?" என்றான் தம்பி. சாணி வாசம் தெரியாதவளா நான், என்றேன். அதுவும் உண்மைதான். மற்றதைச் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் வீணா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "அன்னிக்கு நாங்க மாடிக்குப் போயிட்டு வந்ததுல இருந்தே நீ சரியில்லை அத்தை. மத்தியானத்துக்கு மேலயும் பேசல. எனக்கு அதான் பயமா இருந்துச்சு" என்று சொல்லி என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நாங்கள் ஊர் மேடையில் இறங்கும்போதுதான் உச்சிப் பூஜை மணி அடித்தது.

ஆனி 31, செவ்வாய்

பூசாரியிடம் போய் விரதம் முறிந்துவிட்டது என்று சொன்னேன். முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். பூக் கொடுத்த உத்தரவையும் மீறிவிட்டேனே, என்ன செய்வது என்று கேட்டேன். அவர் யோசித்தார். "நீங்க என்ன கேட்டீங்கன்னு அவளுக்குத் தெரியும். என்னங்கிறது எனக்குத் தெரியாது. அவகிட்டயே பேசிக்கங்க" என்றார்.

பேசினேன். நிறைய நேரம் பேசினேன். பூசாரி நடையைச் சாத்த வேண்டும் என்று இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார்.

ஆவணி 5, வியாழன்

வீணாவை ஓசூர்ப்பக்கத்தில் விட்டுவிட்டு வந்தோம். ஆடியில் வீட்டுவேலையெல்லாம் முடித்து, எனக்கு வேண்டிய விறகை உடைத்து அடுக்கி, மயிலைக்குப் புதுக் கயிறு போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். முறுக்கு, பருப்புப்பொடி, அம்மன் குங்குமம் எல்லாம் கட்டிக் கொடுத்தேன். ரப்பர் பூட்ஸ் அங்கேயே கொடுத்தார்கள். உடனே போட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் போவாள் என்று நினைத்தேன், திரும்பிப் பார்த்தாள்.

ஈ இன்னும் அப்படியேதான் இருக்கிறது அங்கே.

ஆவணி 6, வெள்ளி

இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டேன். ஒன்றைத் திரும்பக் கழுவி வைத்தேன்.

தாயே, முறிந்த விரதத்துக்குப் பதிலாக நீ என்ன வேண்டுமானாலும் கேள். மாவிளக்குப் போடுகிறேன். முட்டி வலித்தாலும் பரவாயில்லை, தீச்சட்டி எடுக்கிறேன். மௌனம் மட்டும் கேட்காதே. அது இப்போது வீட்டில் தானாகவே இருக்கிறது, அதை உனக்குக் கொடுத்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

ஆவணி 9, திங்கள்

மயிலையிடம் பேசிக்கொண்டே கறந்தேன். நின்றது. நான்கு காம்பிலும் பால் சுத்தம்.

ஆவணி 13, வெள்ளி

மத்தியானம் வீணா போன் செய்தாள். சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா, குங்குமம் தினமும் வைக்கிறாயா, பக்கத்துக் கட்டில் பெண் எந்த ஊர், அவளுக்கு அம்மா இருக்கிறாளா என்று எல்லாவற்றையும் கேட்டேன். சொல்வதற்கு என்னிடமும் நிறைய இருந்தது. கன்று செய்கிற அட்டகாசம், பூசாரிக்குக் கண் ஆபரேஷன், உரக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். மனசுக்குள் வரிசையாக வைத்திருந்தேன்.

பாதியில் பின்னாலிருந்து ஒரு மாடு கத்தியது. பெரிய சத்தம். கொட்டாய்க்குள்ளிருந்து கத்துகிற சத்தம்.

"என்ன கண்ணு அது?"

"புதுசா வந்த மாடு அத்தை. காலையில கன்னுப் போட்டுது. நாந்தான் பாத்துக்கறேன். நீ சொல்லு, பேசு, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

மறுபடி கத்தியது. நான் காதோடு போனை அழுத்திக் கேட்டேன். வலிக்குக் கத்துவது அப்படி இருக்காது.

"அதுக்குத் தாகம் சாமி. போயித் தண்ணி காட்டு, போ" என்று சொல்லிவிட்டு, நானே போனை வைத்தேன்.